பன்னிரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு பெட்டி!

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். மதுரை விமான நிலையத்திலிருந்து மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிக்கு இரண்டு மணி இருபது நிமிஷம். அச்சுப் பிழை இல்லை, ஸார். இரண்டாவது பயணத்துக்கு ஏற்பாடு செய்தது அடியேன்.

விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, பெருங்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரயில்வே ஜங்ஷனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரனின் போர் விமானங்கள் இறங்கிய இடம். இப்போதிருக்கும் கண்ணாடிக் கட்டடம் 2010-ல் வந்தது. 2012-லிருந்து கொழும்புக்கும் பறக்கிறார்கள். சாதாரண நாளில் பெருங்குடி, அவனியாபுரம், வில்லாபுரம், தெற்குவாசல் பாலம் என்று வந்தால் அரை மணி, முக்கால் மணியில் பெட்டியை லாட்ஜ் வாசலில் இறக்கிவிடலாம். 'சாதாரண நாளில்' என்பதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நான் கோடு போடாமல் விட்டேன்.

பம்பாயிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தது. (மும்பை என்றால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். "நான் 1970-ல ரயிலேறிப் போனது பம்பாய்க்குடா!") பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு வாரிசுகள், அக்கா, அத்தான். ஆக எட்டுப் பேர். பெட்டிகள் பன்னிரண்டு. என் வீட்டில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம், படுக்க முடியாது. எனவே மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு லாட்ஜில் மூன்று ரூம் போட்டேன்.

டிக்கெட் விஷயத்திலும் என் மூக்கு நுழைந்திருந்தது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாலிருந்து சென்னை-மதுரை டிக்கெட் விலையைப் பார்த்தால், விமானத்தில் ஒரு பகுதியையே நமக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்களோ என்று தோன்றியது. பொங்கலன்று காலையில் மட்டும் விலை சட்டென்று இறங்கியிருந்தது. பி.காம். படித்தவனல்லவா? "அன்னிக்கே வாங்க பெரியப்பா, எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டா லாட்ஜ் வாடகையே மிச்சம்" என்று எழுதி, கணக்கையும் அனுப்பினேன். விலை ஏன் இறங்கியிருக்கிறது என்று யோசிக்க எந்த பி.காம். பாடத்திட்டத்திலும் இடமில்லை.

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் - இது மதுரையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டதும், 2017-ல் மெரினாவில் கூட்டம் கூடிச் சட்டம் வந்ததும் பற்றியெல்லாம் டீக்கடையில் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஆனால் ஜல்லிக்கட்டு நடக்கும் அந்த அவனியாபுரம், விமான நிலையத்துக்கும் ஊருக்கும் நட்டநடுவில் இருக்கிற அவனியாபுரம்தான் என்பது அன்று காலை பத்தே முக்கால் வரை என் மண்டையில் உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் வேன் டிரைவர்.

"அண்ணே, வில்லாபுரத்துக்கிட்ட நிக்கிறேண்ணே. அங்கிட்டு ஒரு வண்டி விடமாட்டேங்குறாங்க. மாடு அவுக்குறாங்கள்ல!"

"சுத்தி வர வேண்டியதுதானே?"

"வந்துருவேண்ணே. பின்னாடி எடுக்கத்தேன் முடியலை. எனக்குப் பின்னாடி நாப்பது வண்டி நிக்கிது."

நான் விடிகாலையிலேயே பைக்கில் வந்துவிடலாம் என்று கிளம்பி, கடைசியில் நண்பன் ஒருவன் காரில் தொற்றிக்கொண்டு வந்திருந்தேன். அவன் என்னை இறக்கிவிட்டு அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டான். இப்போது வாசலில் நானும் எட்டு ஜீவன்களும் பன்னிரண்டு பெட்டிகளும்.

இங்கே பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில். கல்யாணமாகிப் பம்பாய் போனவர். கடைசியாக ஊர்ப்பக்கம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு வருஷமாக மறதி. பெரியப்பா போனில் 'கொஞ்சம் மறதி' என்றுதான் சொல்லியிருந்தார். நேரில் பார்த்தால், காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகிறது. சில நாள் இட்லி வைத்த மருமகளும் மறந்துபோகிறாள். பெரியப்பா பக்கத்தில் இருந்தால் ஒன்றும் தெரியாது. அவர் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் "அவர் எங்கே?" நாலு தரம் வந்துவிடும். அது போக, தினம் சாயங்காலம் ஒரு கேள்வி: "மதுரைக்கு எப்பப் போறோம்?" அந்தக் கேள்விக்காகத்தான் இந்த எட்டு டிக்கெட்டும்.

விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு பெரியம்மா கேட்டார்: "இது எந்த ஊரு?"

"மதுரைம்மா" என்றாள் அக்கா.

பெரியம்மா கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தார். வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தார். "சும்மா சொல்லாதே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எந்த ஊர் விமான நிலையமாவது அந்த ஊர் மாதிரி இருக்கிறதா?

வேன் வரும் என்று அரை மணி காத்திருந்தோம். அந்த அரை மணியில் எட்டுப் பேரிடமிருந்து ஒன்பது யோசனைகள் வந்தன. பெரியப்பாவின் யோசனை டவுன் பஸ். பெருங்குடி வரை போய்விட்டால் பஸ் கிடைக்கும். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நம்மள்ல பாதிப் பேர் பொம்பளைங்க. அம்பது சதவீதம் தள்ளுபடிடா!" என்றார். பன்னிரண்டு பெட்டிகளையும் கண்டக்டர் எந்தப் பாலில் சேர்ப்பார் என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அத்தான் செல்போனில் கார் கூப்பிட்டுப் பார்த்தார். வருவதாகச் சொன்ன கார் வரைபடத்தில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் வில்லாபுரம்தான் என்று பிறகு தெரிந்தது.

வாசலில் நின்ற டாக்ஸிகளில் மூன்று கிடைத்தன. மூன்றும் சின்னக் கார். இங்கேதான் என் வணிகவியல் மூளை களத்தில் இறங்கியது. குழுவாகப் போகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, தலையை எண்ணுவது. எண்ணவேண்டியது பெட்டியை. நாலு பேர் உட்காரும் காரில் நாலு பேரும் நாலு பெட்டியும் போகாது. ஒன்று பேர் குறையவேண்டும், அல்லது பெட்டி மடியில் ஏறவேண்டும். எனவே டெபிட், கிரெடிட் போட்டேன். முதல் காரில் ஏ.ஸி. நன்றாக இருந்தது, அதில் பெரியம்மா, அண்ணி, குழந்தைகள் இரண்டு, மூன்று பெட்டி. இரண்டாவதில் அண்ணன், அக்கா, அத்தான், நாலு பெட்டி. மூன்றாவதில் பெரியப்பா, நான், ஐந்து பெட்டி. இரண்டு பக்கமும் டேலி!

பெரியப்பா மட்டும், "வேன் வரட்டும்டா. ஒண்ணா வந்தோம், ஒண்ணாவே போவோம்" என்றார்.

"அரை மணியில எல்லாரும் அங்கே சேர்ந்துடப் போறோம் பெரியப்பா. வெயில்ல நின்னா பெரியம்மாவுக்குத்தான் கஷ்டம்" என்றேன். பெரியம்மாவை முதல் காரில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். கதவு சாத்தும்போது அவர் கண்ணாடிக்குள்ளிருந்து எதையோ கேட்டார். நான் சிரித்துக் கையாட்டினேன்.

மண்டேலா நகரில் போலீஸ்காரர் கை காட்டினார். நேரே அவனியாபுரம் கிடையாது. ரிங் ரோட்டில் வலது பக்கம் போனால் சிந்தாமணி, கீழவாசல். இடது பக்கம் போனால் கப்பலூர் வழியாகத் திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம். இரண்டுமே தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழிதான். எங்கள் டிரைவர், "கீழவாசல் பக்கம் பொங்கக் கூட்டம் சார், மாட்டிக்கிருவோம்" என்று இடது பக்கம் திரும்பினார். அண்ணன் கார் பின்னால் வந்தது. முன்னால் போன கார்?

முன்னால் எந்தக் காரும் இல்லை.

பரவாயில்லை, எப்படியும் ஊருக்குத்தானே என்று திருநகர் வரை தைரியமாக இருந்தேன். திருப்பரங்குன்றத்தில் வண்டி நின்றது. ஆறுபடை வீட்டில் முதல் வீடு. பொங்கலன்று முருகனைப் பார்க்காமல் யார் இருப்பார்கள்? கரும்பு கட்டிய டூ வீலர், குடும்பத்தோடு ஆட்டோ, மஞ்சள் கொத்தோடு ஒரு மினி லாரி எல்லாம் எங்களைச் சுற்றி நின்றன. மலை மட்டும் கண்ணாடி வழியாக அழகாகத் தெரிந்தது. பார்க்கும் மனநிலையில் நாங்கள் இல்லை. பெரியப்பா அண்ணிக்குப் போன் செய்தார். 'ஸ்விட்ச் ஆஃப்'. விமானத்தில் பேரன் அந்தப் போனில் இரண்டு மணி நேரம் விளையாடியிருக்கிறான்.

"அந்த டிரைவர் நம்பர் குடு."

வாடகை பேசினேன், பத்து சதவீதம் குறைத்தேன், பெட்டியை எண்ணினேன். நம்பர் வாங்கவில்லை. வண்டி எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளைக் கார் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. மதுரையில் வெள்ளைக் கார்!

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அண்ணி புனேக்காரர், அவருக்குத் தெரிந்த தமிழ் 'சாப்டீங்களா' ஒன்றுதான். குழந்தைகள் இங்கிலீஷ். டிரைவருக்கு, நான் பேரம் பேசியபோது பார்த்த வரையில், தமிழ் மட்டும். அந்தக் காரில் டிரைவரோடு பேசக்கூடிய ஒரே ஆள் பெரியம்மா. லாட்ஜ் பேர் அவருக்குத் தெரியாது. அண்ணிக்கும் நான் சொல்லவில்லை. டிரைவரிடம் 'பெருமாள் மேஸ்திரி வீதி, பின்னாடியே வர்றோம்' என்றுதான் சொல்லியிருந்தேன்.

பெரியப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"போன வருஷம் தாதர் ஸ்டேஷன்ல கையை விட்டுட்டேன். டிக்கெட் எடுக்க ஒரு நிமிஷம்தான். மூணு மணி நேரம் தேடினோம். ஒரு பெஞ்சிலே உட்கார்ந்திருந்தா. யாரைக் கேட்டாலும் மதுரை வண்டி எப்ப வரும்னு கேட்டிருக்கா. அதுலேர்ந்து அவளை இன்னொரு வண்டியில ஏத்தினதே இல்லை."

"ஏன் பெரியப்பா அப்பவே சொல்லலை?"

"நீ கணக்கெல்லாம் போட்டு வெச்சிருந்தே."

பசுமலை தாண்டிப் பழங்காநத்தம் வரும்வரை காரில் யாரும் பேசவில்லை. டிரைவர்கூட எஃப்.எம்.மை அணைத்துவிட்டார்.

மேல வெளி வீதிக்கு வந்து லாட்ஜ் இருக்கும் வீதிக்குள் நுழைந்தபோது மணி ஒன்று ஐந்து. நான் வண்டி நிற்பதற்குள் குதித்து உள்ளே ஓடினேன். ரிசப்ஷன் சோபாவில், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெரியம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பேரனும் பேத்தியும். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. கதவோரம் வெள்ளைக் கார் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் மேல் அக்கறையால் என்று நினைத்தேன். வாடகை வாங்கவேண்டுமாம்.

பெரியப்பா உள்ளே வந்தார். பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, "எங்கே சுத்திட்டு வர்றீங்க? காபி ஆறிப்போச்சு" என்றார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆறின காபியை வாங்கிக் குடித்தார்.

நடந்ததை டிரைவர் சொன்னார். அவர் விருதுநகர்ப் பக்கம்; பொங்கல் கிராக்கிக்காக மதுரைக்கு வந்தவர். ஊருக்குள் வழி தெரியாது. சிந்தாமணி வழியாகக் கீழவாசல் வந்து சேரும்வரை பெரியம்மா "அவர் எங்கே, அவர் எங்கே" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு மராட்டியில் ஆறுதல் சொல்ல, பேத்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"விளக்குத்தூணு பாத்தாங்க சார். அம்புட்டுத்தேன். அழுகையெல்லாம் போச்சு. எங்கப்பா போறேன்னு கேட்டாங்க. பெருமாள் மேஸ்திரி வீதின்னேன். மேப்புல ஒரு பொண்ணு வலது பக்கம் திரும்பச் சொல்லுச்சு. அதுக்கு அம்மா, 'அந்தப் பொண்ணு வெளியூரு போலருக்கு, நீ அது பேச்சைக் கேக்காதே'ன்னுட்டாங்க!"

"அப்புறம்?"

"தேர் போற பக்கமாவே போன்னாங்க. எனக்கு என்ன சார் தெரியும், தேர் எப்படிப் போகும்னு? கையைக் காட்டிக் காட்டிக் கூட்டியாந்துட்டாங்க."

சித்திரைத் தேர் கீழ மாசியில் கிளம்பி, தெற்கு மாசி, மேல மாசி, வடக்கு மாசி என்று வலமாகச் சுற்றி நிலைக்கு வரும். பெரியம்மா தெற்கு மாசியில் பிறந்தவர். சின்ன வயசில் வருஷா வருஷம் வாசலில் நின்று பார்த்திருப்பார். டிரைவரிடம் பாடம் சொல்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார்: உள்ளேயிருந்து கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. "மாசிக்கும் வெளிக்கும் நடுவுலேதான் மேஸ்திரி வீதி. இது தெரியாமலா வண்டி ஓட்டறே?"

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1840-களில் பிளாக்பர்ன் என்கிற கலெக்டர் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது கிடைத்த இடத்தில் உண்டான வீதிகள்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அந்த வேலையைப் பார்த்த மாரட் துரை பேரிலும் மேஸ்திரி பெருமாள் பேரிலும் இன்றுவரை அவை இருக்கின்றன. கலெக்டருக்கு ஊர்க்காரர்கள் நன்றிக்கு நட்டதுதான் அந்த விளக்குத்தூண். ஊரையே இடித்துக் கட்டியவர்களுடைய பேர்களில் மேஸ்திரிக்கும் ஒரு வீதி கிடைத்திருப்பது மதுரையில்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரியும். இரண்டு பெட்டியோடு கீழவாசலில் இறக்கிவிட்டால், நான் அந்த மேப் பெண்ணைத்தான் கேட்டிருப்பேன்.

அன்று பெரியம்மா சொன்ன வழியில் ஒருவழிப் பாதை ஏதாவது குறுக்கிட்டதா என்று நான் டிரைவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பேரம் பேசிக் குறைத்த பத்து சதவீதத்தைச் சேர்த்தே கொடுத்தேன்.

அண்ணி, அண்ணனைத் தனியே கூப்பிட்டு மராட்டியில் நீளமாக ஏதோ பேசினார். நடுவில் என் பேர் இரண்டு தடவை வந்தது. மொழிபெயர்ப்பு கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அத்தான் மட்டும் அருகில் வந்து, திரும்பிப் போகும்போது வேன் எதுவரை வரும் என்று விசாரித்தார். பெரிய வேன் இந்த வீதிகளில் நுழைந்தால், எதிரே ஒரு மாட்டு வண்டியோ மூட்டை வண்டியோ வந்தால் போதும், கதை முடிந்தது. மேல வெளி வீதியில் நிறுத்திவிட்டுப் பெட்டியை உருட்டிக்கொண்டு நடப்பதுதான் உத்தமம். கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டியே கிடையாது, நடைதான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது.

"அண்ணே, வந்துட்டேண்ணே! ஏர்போர்ட் வாசல்லதேன் நிக்கிறேன். எங்கிட்டு நிக்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"அங்கேயே இரு தம்பி. நாலு நாள்ல வந்துடறோம். எட்டுப் பேரும் ஒண்ணா வருவோம்."